தண்ணீர் நன்றாக வருகிறது, மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் ஏதோ மிதந்துகொண்டிருக்கிறோம். அவ்விடம் தாங்களும் என் மகளும் காய்ந்த தரையில் சௌக்கியமாக இருப்பதை அறிய ஆவல்.

வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது தங்கள் பழைய பாய்மரப் படகின் சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாருங்க மாமா, அது பாட்டுக்குக் கட்டிக் கிடக்கும், ஒரு வேலையும் இருக்காது" என்று அருளினீர்கள். நான் மறந்தாலும் என் இடுப்பு மறக்காது. தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸ் முழுக்க "தண்ணி வரலை, தண்ணி வரலை" என்று ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐயோ தண்ணீர் வருகிறதே என்று அலறும் பாக்கியம் தங்கள் தயவில்தான் கிட்டியது.

முதல் தடவை போனபோதே பார்த்துவிட்டேன். பின்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற பள்ளத்தின் தரையில் மூலைக்கொன்றாக இரண்டு ஓட்டை. படகில் ஓட்டை! இதை விற்றவன் கெட்டிக்காரன், வாங்கி மாமனார் தலையில் கட்டியவர் அவனுக்கும் அண்ணன் என்று வியந்து, பழைய துண்டைக் கிழித்துச் சுருட்டி, கட்டையால் தட்டி இரண்டையும் அடைத்தேன். காலமெல்லாம் கசிவை அடைத்த கை அல்லவா, கல்லு மாதிரி நின்றது. பள்ளத்தில் விழும் மழைத்தண்ணீர் கடலுக்கு வடிவதற்காகவே வைத்த ஓட்டைகள் அவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தங்கள் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

அப்புறம் பிடித்தது மழை. பக்கத்துப் படகுக்காரர் போன் செய்தார். படகுத்துறையில் எல்லோரும் இவரைக் கேப்டன் என்பார்கள். கட்டின கயிற்றை அவர் அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. "சார், உங்க படகு பின்பக்கமா குந்திக்கிட்டிருக்கு, எழுந்திரிக்கிற உத்தேசம் இருக்கிற மாதிரி தெரியல" என்றார். ஓடினோம். உங்கள் அத்தையும் குடையோடு வந்தாள். போய்ப் பார்த்தால் பள்ளம் தொட்டியாகி, தொட்டி ததும்பி, வாசல் வழியாக அறைக்குள்ளே அருவி கொட்டுது. அடித்தட்டுப் பலகையெல்லாம் தனித்தனிப் படகா மிதக்குது. தங்கள் படகின் அடிவயிற்றில் ஒரு கரண்ட் பம்ப் இருக்கிறதே, தண்ணி ஏறினா மிதவை ஏறும், மிதவை ஏறினா பம்ப் தானா ஓடும் என்று பெருமையடித்தீர்களே, அந்த மிதவை எப்படி ஏறும்? தங்களுடைய ஒற்றைக் காலுறை அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதைப் பிய்த்து எறிந்தேன். பம்ப் "ம்ம்ம்" என்றது. போனில் நான் பேசும்போது தாங்கள் கொட்டுவீர்களே, அதே "ம்". அதே போலக் காரியமும் நடக்கல. பம்பின் வாய் நிறைய, மிதந்த டப்பாக்களிலிருந்து ஊறிப் பிரிந்த லேபிள் காகிதம்! சரி, கைபம்ப் இருக்கே என்று ஆட்டினேன். உள்ளே ரப்பர் கிழிஞ்சு கிடந்தது. காத்துதான் வந்தது. வேர்த்த நேரத்துக்கு அதுவும் நல்லதுதான்.

கடைசியா, ஒரு ஓட்டையில் அடைத்ததைப் பிடுங்கினேன். பள்ளத்துத் தண்ணி சர்ரென்று இறங்குச்சு. அப்பாடா என்று மூச்சு விடுறதுக்குள்ளே உங்க அத்தை உள்ளேயிருந்து, "ஏங்க, இப்ப கீழேயிருந்தும் வருதுங்க!" என்று கத்தினாள். அந்த ஓட்டையிலிருந்து படகின் அடிவழியாகக் கடலுக்குப் போகிற வடிகால் குழாயைக் கவ்வியிருந்த கிளிப் துருவேறி, குழாய் கழண்டு போச்சு. மழையும் கடலும் சேர்ந்தே உள்ளே வந்துடுச்சு. சத்தியமா சொல்றேன் மாப்பிள்ளை, அந்த நேரம் பயந்துட்டேன். அவள் முழங்காலளவு தண்ணியில நிக்கிறாள், கையில ஒரு வாளி. "நீ கரைக்குப் போ" என்றேன். "நீங்க வாயைக் குறைச்சுட்டு வால்வைப் பாருங்க" என்றாள். குழாய் முனையில் கடலை அடைக்கிற வால்வு! அது நமக்குத் தெரிஞ்ச ஆளாச்சே. பச்சை பூத்து இறுகிக் கிடந்தது. ஸ்பானரைப் போட்டு, வாரியத்தில் கற்ற கெட்ட வார்த்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் திருகினேன். எதற்கு மசிந்ததோ, திரும்பிடுச்சு. அப்புறம் இரண்டாவது ஓட்டையின் அடைப்பையும் பிடுங்கி, காகிதத்தைத் தோண்டியெடுத்து, பம்பும் அவளும் நானுமாக இறைத்து இறைத்து, படகு மெல்ல நிமிர்ந்துச்சு. நாங்கதான் நிமிரல.

மறுநாள் மெக்கானிக் வந்து புதுக் குழாய் போட்டு, முனைக்கு இரட்டைக் கிளிப் மாட்டினார். கடல் திரும்பி உள்ளே வராதபடி பம்ப் குழாயை உயரத் தூக்கி வளைத்தும் கட்டினார். "வடிகால்ல துணி அடைச்ச புத்திசாலி யாரு சார்?" என்றார். "மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்கார்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லையே.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து தங்கள் சொத்தை எடுத்துச் செல்லவும். தவறினால், கேட்டு வருகிற முதல் ஆளிடம் தள்ளிவிட உத்தேசம். தாங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று, எங்கும் எதுவும் ஒழுகாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் படகைக் கேட்டு ஒருவர் வந்துவிட்டார். தட்டிப் பார்த்து, "பழசு, ஒழுகும், உடைச்சுப் பலகையா வேணா எடுத்துக்கலாம்" என்றார். உங்கள் அத்தைக்கு வந்ததே கோபம்! "பழசுன்னா உடைச்சுடுவீங்களா? முனகினாலும் மிதக்குதா இல்லையா?" என்று கேட்டாள். கேட்டது அவரை, பார்த்தது என்னை. வந்தவர் போய்விட்டார். நேற்று மாலை கேப்டன் துணையோடு கயிற்றை அவிழ்த்தோம். சுக்கானை அத்தையிடமிருந்து என்னால் வாங்க முடியவில்லை. ஆதலால் தாங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம். வருவதாயிருந்தால் முன்கூட்டியே எழுதவும். நாங்கள் ஊரில் இருப்போமா என்று சொல்ல முடியாது.