ரிஜெக்ட் சாரின் லோட் டெஸ்ட்

காலை ஆறு ஐந்து. கதவைத் திறந்ததும் எதிர்வீட்டு வாசலில் ரிஜெக்ட் சார் கண்ணில் பட்டார். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தே வாரமான மனிதர், தோளில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையுடன் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

ஓசூரில் அவர் நிராகரிக்காத பொருளே கிடையாது. தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டு தரப் பரிசோதகர். தேறாத உதிரிபாகத்தில் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போடுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் மார்க்கர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் மூன்று குறி போட்டார். வடையில் ஓட்டை நடுவில் இல்லையென்று கடைக்காரரின் தட்டில் ஒன்று.

"சார், என்ன பண்றீங்க?"

"லோட் டெஸ்ட்டுப்பா. எவனோ மாட்டின பீஸு. செக் பண்ணாம எப்படி ஓட்டறது?"

பதினோராவது முறை எழும்போது 'டப்' என்று ஒரு சத்தம். மூட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உள்ளேயிருந்து ஓடிவந்த அவர் மனைவி, "ஏன்ரீ இது!" என்று கன்னடத்தில் அலறினார். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பொருத்திய மூட்டு இம்மியும் நகரவில்லை.

"பாத்தியா? பீஸ் பாஸ்" என்றார், படுத்தபடியே. ஆனால் காலைத் தூக்கச் சொன்னால் நாலு விரற்கடைக்கு மேல் எழவில்லை.

"எக்ஸ்ரேல உலோகமும் எலும்பும்தான் நல்லாத் தெரியும். தசைநாரைப் பாக்க ஸ்கேன்தான்" என்று முழங்காலில் ஜெல்லைத் தடவினார் ஸ்கேன் டாக்டரம்மா.

"இது புள்ளத்தாச்சிங்களுக்குப் பாக்கற மெஷினில்ல?"

"சும்மா இருங்க. தொடையை இறுக்குங்க."

திரையில் சாம்பல் நிறப் பட்டையாகத் தசைநார். முழங்கால் சில்லுக்கு மேலே அதில் கறுப்பாக ஓர் இடைவெளி, ரத்தம் கோத்திருந்தது. முழுதும் அறுந்திருந்தால் மறுபடி கத்தி, அதற்குப் பிறகும் பழையபடி நடப்பது உறுதியில்லை. டாக்டர் கருவியை மெதுவாக நகர்த்தினார். ரிஜெக்ட் சார் திரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்தார்.

"கொஞ்சம்தான் கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் தேவைப்படாது. ஆறு வாரம் முழங்கால மடக்காம பிரேஸ் போடணும். எப்படி ஆச்சு?"

சார் சட்டைப்பையைத் தடவினார்.

"எழுதிக்கங்க மேடம். பீஸ் ஓகே. ஆபரேட்டர் தப்பு."

மார்க்கரை எடுத்துத் தன் புறங்கையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு மார்க்கரை என்னிடம் நீட்டினார். "இது உங்கிட்டயே இருக்கட்டும்ப்பா."

ஏழாவது வாரம் எங்கள் வீட்டு மூன்று படிகளையும் தானே ஏறி வந்தார். பழைய மார்க்கர் காய்ந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். தாளில் கிறுக்கிப் பார்த்தார்.

"மை தண்ணியா இருக்கு" என்றார்.

சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.