ஒத்தச் சட்டை மாப்பிள்ளை

தண்டாயுதபாணிக்கு ஊரு பழனி. அடிவாரத்துக் கடையில நின்னு, போற வர்ற யாத்திரைக்காரங்களை எல்லாம் கூவிக் கூவி உள்ள இழுத்துப் பழகின வாய் அவனுக்கு. அந்த வாயாலதான் பொண்டாட்டி கெடைச்சா. வம்பும் அதே வாயாலதான் கெடைச்சுச்சு.

பொறவு கோடைக்கானல்ல ஒரு பஸ் கம்பெனியில டிக்கெட் எழுதுற சோலி கெடைச்சு மலையேறினான். ஆவணி மாசம், மேல்மலையில பூண்டு வெள்ளாமை பண்ற மலைச்சாமி வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனான். பொண்ணு பேரு சோலையம்மாள். வெளியில சாரல் அடிக்குது. மாமனாராகப் போறவரு தோள்ல ஒரு துண்டோட, வெத்து ஒடம்பா உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு.

"கீழ்நாட்டு ஆளு. எங்க ஊருக் குளிரு தாங்குவீங்களா?"

வாய் சும்மா இருக்குமா?

"நான் பழனிக்காரன் மாமா. எங்க சாமி மலை உச்சியில கோவணத்தோட நிக்கிறாரு. அவரு பேரைத்தான் எனக்கு வச்சிருக்கு. எனக்கு ஒத்தச் சட்டையே சாஸ்தி!"

சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. மலைச்சாமி சிரிக்கல.

"நல்லது. பொண்ணைக் கட்டிக்கங்க. ஆனா வர்ற தை முடியற மட்டும் ஸ்வெட்டரு, கம்பளிக் கோட்டுன்னு எதையும் மேல போடாம ஒத்தச் சட்டையில இருந்து காட்டணும். முடியலேன்னா டிக்கெட் எழுதினது போதும்னுட்டு இங்கிட்டு வந்துருங்க. எங்கூடப் பூண்டுக் காட்டில மம்பட்டி பிடிச்சா மூணே மாசத்தில ஒடம்பு இரும்பாயிரும்."

அவருக்கு ஆம்பளைப் புள்ள கெடையாது. காட்டுக்கு ஒரு ஆளு வேணும். தண்டாயுதபாணிக்கு அது அப்பப் புரியல. "சரிங்க மாமா"ன்னு தலையாட்டிட்டான்.

ஐப்பசியில கல்யாணம் முடிஞ்சுச்சு. கார்த்திகை பொறந்துச்சு.

கோடைக்கானல் குளிரு வாசல்ல நின்னு கூப்பிடற குளிரு இல்ல. உள்ள வந்து பாயில பாதி பங்கு கேக்கிற குளிரு. அவன் பெருமாள்மலைன்னு டிக்கெட் எழுதினா, நடுக்கத்துல பேனா போன போக்குக்கு அது ஏழெட்டு மலையாத் தெரிஞ்சுச்சு. ஒரு பிரயாணி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அய்யா, என்னை எங்க எறக்கி விடப் போறீங்க?"ன்னு கேட்டாரு.

அன்னைக்குத்தான் தண்டாயுதபாணி ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். மாமா கம்பளியத்தானே தொடக் கூடாதுன்னாரு? பருத்தி என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு சட்டைக்கு மேல இன்னொரு சட்டை. நடுவில மாட்டிக்கிற காத்து ஒடம்புச் சூட்டை வெளிய விடாது. நாலு சட்டை போட்டா ஒரு கம்பளி. ஆனா பாக்கிறவங்க கண்ணுக்கு ஒண்ணாத் தெரியணும்.

மறுநா வத்தலக்குண்டுக்கு எறங்கி, டெய்லர் மணியன்கிட்டப் போனான்.

"ஒரே துணி. வெள்ளை. நாலு சட்டை. எல்லாம் தலை வழியா மாட்டுற அரைத் திறப்பு."

"அளவு?"

"முதச் சட்டை என் அளவு. ரெண்டாவது ஒரு விரக்கடை பெரிசு. மூணாவது ரெண்டு விரக்கடை. நாலாவது மூணு."

"அண்ணன் தம்பி நாலு பேருங்களாண்ணே?"

"ஒரே ஆளு."

மணியன் டேப்பைக் கழுத்தில போட்டுக்கிட்டு யோசிச்சான். "வளர்ற ஆளுங்களா?"

"நீ தையிப்பா. முத மூணுக்கும் காலரு வேணாம். கையும் பாதியோட நிக்கட்டும்."

"பாவம், அவங்க மூணு பேரும் என்ன தப்புப் பண்ணாங்க?"

ரெண்டு செட்டு தைச்சு வாங்கினான். உள்சட்டைகளை டிரைவர் நாச்சிமுத்து கையில குடுத்து வத்தலக்குண்டுக்கே வெளுக்க அனுப்பிச்சான். வெளிச்சட்டைய மட்டும் வீட்டில துவைக்கப் போட்டான். சோலையம்மாள் ஒத்தச் சட்டையத் துவைச்சு ஒத்தச் சட்டையக் காயப் போட்டா. பேனா நேராப் போச்சு. பெருமாள்மலை பழையபடி ஒத்த மலையாச்சு.

என்ன ஒண்ணு, கையைத் தூக்கித் தலை சொறிய முடியல. நாலு சட்டையும் அக்குள்ல கூடி மாநாடு போட்டுச்சு.

"என்னங்க, ஒடம்பு வச்சிட்டீங்களே," என்றாள் சோலையம்மாள் ஒருநா.

"கோடைக்கானல் தண்ணி அப்படி."

"மொகம் அப்படியேதான் இருக்கு. கழுத்துக்குக் கீழதான் தண்ணி எறங்கியிருக்கு."

"மொகத்துக்கும் ஏறும். பைய ஏறும்."

"குளிரலையா உங்களுக்கு?"

"எனக்கா? ஒத்தச் சட்டையே கசகசன்னு இருக்கு!"

"அப்ப அந்தச் சட்டையும் வேணாமே, கழட்டிருங்களேன்."

"ஆபீசுக்கு நேரமாச்சு," என்றபடி தண்டாயுதபாணி வெரசா வெளியேறினான். அன்னைக்கு ஞாயித்துக்கெழமை.

மார்கழி இப்படியே ஓடிப் போச்சு. தையும் பாதி போச்சு. இனி நமக்கென்னன்னு அவன் இருக்கையில, மாமனார் ஊர்லருந்து ஆள் வந்துச்சு. ஊரு சாமி கும்பிடு, மகளும் மாப்பிள்ளையும் வந்தாகணும்.

போனாங்க. அங்க போய் மொத ராத்திரி எப்படியோ கழிஞ்சுச்சு. காலையில வெள்ளனே குளிக்கச் சொன்னாங்க. நாலு சட்டையையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சொருகி, போர்வைக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டுக் கொல்லைக்குப் போனான். தண்ணி என்னவோ வெந்நீருதான். ஆனா வேட்டியோட மட்டும் பனியில நிக்கணுமே. மொதச் சொம்பை மேல ஊத்திக்கவே கால்மணி நேரம் ஆச்சு. வந்து பாத்தா சட்டை வச்ச எடத்துல வச்சபடி கெடக்கு. வழக்கம் போல நாலையும் சேத்துத் தலை வழியா மாட்டிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடினான்.

கோயில்ல ஊரே கூடியிருக்கு. பூசாரி பரிவட்டத் துணியக் கையில எடுத்துக்கிட்டு வந்தாரு.

"இந்த வருசம் மொத மரியாதை மலைச்சாமி வீட்டு மாப்பிள்ளைக்கு!"

தண்டாயுதபாணிக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. ரெண்டடி முன்னால வச்சான்.

"சட்டையக் கழட்டிட்டுத் துண்டை இடுப்பில கட்டுங்க தம்பி. பரிவட்டம் வாங்குறவங்க மேலுக்குத் துணி போடக் கூடாது."

ரெண்டடி பின்னால வச்சான்.

"மாமா, பெரியவங்க நீங்க எல்லாம் இருக்கையில எனக்கெதுக்கு..."

"மாப்பிள்ளைக்குத்தான் மொத மரியாதை. கழட்டுங்க."

"இல்ல மாமா, எனக்கு நேத்துலருந்து ச..."

சளின்னு சொன்னா குளிருன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. பாதியில முழுங்கிட்டு, "சந்தோசம்" என்றான்.

"சந்தோசந்தானே? கழட்டுங்க," என்றாரு மாமனார். அவரு கண்ணு சட்டை மேலேயே இருந்துச்சு. எண்ணுறதுக்குத் தயாரா நிக்கிற கண்ணு.

தண்டாயுதபாணிக்கு எல்லாம் கண்ணுல தெரிஞ்சுச்சு. ஒண்ணு கழட்டுவான், உள்ள ஒண்ணு நிக்கும். அதைக் கழட்டுவான், இன்னொண்ணு. வெங்காயம் உரிக்கிற மாதிரி ஊரு முன்னால நாலு தரம் உரியணும். பொறவு ஆயுசு பூராவும் பூண்டு உரிக்கணும். கண்ணை மூடினான். பேருக்குரிய சாமியக் கூப்பிட்டான். சட்டையோட கீழ் விளிம்பைப் பிடிச்சுத் தலைக்கு மேல ஒரே இழுப்பா இழுத்தான்.

நெஞ்சில சில்லுன்னு காத்து பட்டுச்சு.

கண்ணைத் தொறந்தான். வெத்து ஒடம்பு. கையில ஒத்தச் சட்டை. நாலும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.

மாமனார் சட்டையக் கையில வாங்கினாரு. கை கீழ போய் மேல வந்துச்சு.

"என்ன துணி மாப்பிள்ளே இது? கன்னுக்குட்டியத் தூக்கின மாதிரி கனக்குது?"

அவரு பிரிச்சுப் பாக்கிறதுக்குள்ள சோலையம்மாள் குறுக்க வந்தா.

"வத்தலக்குண்டுத் துணிப்பா. அழுத்தமாத்தான் இருக்கும். குடுங்க, கீழ விழுந்து அழுக்காயிரும்." பிடுங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டா.

பரிவட்டம் கட்டினாங்க. பயத்துல தண்டாயுதபாணிக்கு நெத்தியில, நெஞ்சில, முதுகில வேர்த்துக் கொட்டுச்சு. மலைச்சாமி அவனைச் சுத்தி வந்து பாத்தாரு. தொட்டுப் பாத்தாரு.

"தைப் பனியில வேர்க்குதப்பா மாப்பிள்ளைக்கு! நான் தோத்தேன். டிக்கெட்டே எழுதுங்க, போங்க!"

தண்டாயுதபாணிக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. கோயிலுக்குப் பின்னால பொண்டாட்டியத் தனியாப் பிடிச்சான்.

"சோலை, சட்டையக் குடு மொதல்ல. விறைச்சுப் போச்சு."

குடுத்தா. புரட்டிப் பாத்தான். கழுத்துல, தோள்ல, கீழ் மடிப்புல, நாலு சட்டையையும் சேத்து ஓட்டுத் தையல்.

"எப்பத் தைச்ச?"

"நீங்க மொதச் சொம்புத் தண்ணிக்குத் தைரியம் வரவழைச்சிக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்ப. மாப்பிள்ளைக்குக் கழுத்துக்குக் கீழ மட்டும் பெருத்திருக்கேன்னு சந்தேகப்பட்டு, சட்டையக் கழட்ட வச்சு எண்ணணும்னுதான் எங்கப்பா உங்களுக்கு மரியாதையே வாங்கிக் குடுத்தாரு. நேத்து ஆத்தாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தாரு."

"நாலு சட்டைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"தைச்சு வாங்கின அன்னைக்கே. டிக்கெட்டுப் பையில டெய்லரு சீட்டு இருந்துச்சே. குளிருற விசயம் அதுக்கும் முந்தியே தெரியும். தாலி கட்டுறப்ப உங்க பல்லு அடிச்ச அடியில மேளக்காரரு தாளம் மாறிட்டாரு."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா எங்கப்பாகிட்ட வரணும். பதினேழு வருசம் அந்தக் காட்டில பூண்டு பிடுங்கியிருக்கேன். திரும்பி வர எனக்கென்ன தலையெழுத்தா?"

தண்டாயுதபாணிக்கு அவ கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. பிடிக்கவும் செஞ்சான்.

"நீ என்ன கேட்டாலும் செய்யறேன் சோலை."

"பெரிசா ஒண்ணும் வேணாம்," என்றாள் அவ, கையை விடுவிச்சுக்காமலே. "எங்கப்பாகிட்ட வாயத் தொறக்காம இருக்கணும்ல நான்? அதுக்கு ஒண்ணே ஒண்ணு."

மறுநா சாயங்காலமே கோடைக்கானல் வந்து சேந்தாங்க. அதுக்கு அடுத்த நாள் விடியக்காலம். குழாய்த் தண்ணி கத்தி மாதிரி வெட்டுது. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணும் தெரியல, அத்தனை மூட்டம். சமையக்கட்டுல, நாலு சட்டையோட, ஈர வெறகை வச்சுக் குழலை ஊதிக்கிட்டு உக்காந்திருந்தான் தண்டாயுதபாணி. கண்ணு எரியுது. ஆனா மம்பட்டி இல்ல, பூண்டு இல்ல, மாமனாரு இல்ல. நெசத்தைச் சொன்னா வீட்டிலேயே கதகதப்பான எடமும் அதுதான்.

ரெண்டு கம்பளிக்கு அடியிலருந்து கொரல் வந்துச்சு.

"காப்பித் தண்ணி கொதிச்சிருச்சா?"

"இந்தா கொதிச்சிருச்சுங்க," என்றான் அவன்.