இடிமின்னல் பாய்ஸுக்கு நான் எழுதிய பிரியாவிடை

அறுபது தாண்டியவர்கள் ராக் வாசித்தால் மேடையிலேயே உயிர் போய்விடும் என்று நான் மனதார நம்பினேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கில் அறிவித்தும் தொலைத்தேன்.

தென்காசியில் எங்கள் ராக் குழுவுக்கு ‘இடிமின்னல் பாய்ஸ்’ என்று பெயர். மொத்தம் மூன்று ‘பாய்ஸ்’. டிரம்ஸ் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயது. கிட்டார் வாசித்துப் பாடும் வேலாயுதம் அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து. பேஸ் கிட்டார் நான், ஐம்பத்தொன்று. (குழுவின் குழந்தை நட்சத்திரம்.)

போன குற்றால சீசனுக்கு முன்பு ஒரு ஒத்திகையில் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மெதுவாகப் பேச்செடுத்தேன்.

“அண்ணாச்சி, போதும்னு தோணுது. பேரு கெடுமுன்ன கௌரவமா நிறுத்திருவோம்.”

“வாசிக்க முடியலன்னா நிறுத்துவோம்லே. வயசாச்சுன்னு எதுக்கு நிறுத்தணும்?” என்றார் அவர்.

வேலாயுதம் அண்ணாச்சி கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, “இவனுக்கு வீட்டுல வேல இருக்கும்போல. நம்ம மேல பழி போடுதான்” என்றார்.

அவர்கள் கேட்காவிட்டால் என்ன, நான் இல்லையா? குற்றாலத்தில் தெரிந்தவர் ஒருவர் புதிய லாட்ஜ் திறந்தார். மாலை ஐந்து மணிக்கு எங்கள் கச்சேரி. மூன்றாவது பாட்டு முடிந்ததும் நான் படிப்பதற்காக, அவர்களுக்குத் தெரியாமல் ஒரு பிரியாவிடை உரை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சபையறிய அறிவித்துவிட்டால் மறுக்க முடியாது அல்லவா! (சதிகாரன் என்று நீங்கள் நினைத்தால் சரிதான்.)

குற்றாலம் வந்துவிட்டு எண்ணெய் தேய்க்காமல் போவது அண்ணாச்சிமாருக்குச் சாமி குத்தம் மாதிரி. மதியமே இருவரும் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எண்ணெய் தேய்ப்பவர் ஆளுக்கு அரை மணி நேரம் பிசைந்தார். எனக்குச் சளித்தொல்லை என்பதால் டீயோடு நின்றுகொண்டேன். தலைமுதல் கால்வரை பளபளவென்று மின்னியபடி இருவரும் அருவிக்குப் போனால், மலையில் மழை, தண்ணீர் கூடிவிட்டது, யாரும் குளிக்கக்கூடாது என்று போலீஸ் விசில்!

ஒரு மணி நேரம் காத்தும் தடை நீங்கவில்லை. லாட்ஜில் குழாயைத் திறந்தால் புதுக் கட்டடத்துக்கே உரிய காற்று மட்டும் வந்தது. மணி ஐந்து. துண்டால் துடைத்துவிட்டு, அந்த எண்ணெயின் மேலேயே கறுப்பு டீ-ஷர்ட்டையும் ஜீன்ஸையும் ஏற்றிக்கொண்டு மேடையேறிவிட்டார்கள்.

முதல் பாட்டு அமர்க்களம். இரண்டாவது பாட்டில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் வலது கைக் குச்சி வழுக்கிப் பறந்து முன்வரிசைக்குப் போனது. ஸ்டைல் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. சற்று நேரத்தில் இடது கைக் குச்சியும் நழுவிக் கீழே விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது டிரம்ஸ் இருந்தது. அண்ணாச்சி இல்லை.

நான் பயந்தது நடந்தேவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன்.

“அண்ணாச்சி போயிட்டாரு! அய்யோ, போயிட்டாரே! யாராவது ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!”

கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. நான் டிரம்ஸைத் தாண்டிக் குதித்தேன். தரையில் குப்புறக் கிடந்தவரைப் புரட்டிப்போட்டு, நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். எண்ணெய் ஊறிய டீ-ஷர்ட்டில் கை வழுக்கி அவர் தோளைத் தாண்டிப் போனது. மறுபடி அழுத்தினேன்.

“ஏலே! என்னலே பண்ணுத? கிறுக்குப் புடிச்சிருக்கா?”

செத்தவர் பேசினால் யாருக்குத்தான் அதிராது? துள்ளி எழுந்து நாலடி பின்னால் போனேன். மேடை மூன்றடிதான் இருந்தது.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் மேலே சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மனைவி ஓடிவந்து நின்றார். கையில் முன்வரிசைக்குப் பறந்து வந்த குச்சி.

“எய்யா, அவரு குச்சிய எடுக்கக் குனிஞ்சாரு. ஸ்டூலு வழுக்கிட்டு. அதுக்குள்ள என் தாலிய அறுக்கப் பாத்தியே!”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கணுக்கால் வலியில் “அம்மா” என்றுதான் வந்தது. நான் மைக்கில் கத்திய கத்தலுக்கு, ஆம்புலன்ஸ் வந்தேவிட்டது. வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று என்னை ஏற்றினார்கள். கதவு சாத்தும்போது வேலாயுதம் அண்ணாச்சி மைக்கில் சொன்னது காதில் விழுந்தது: “தம்பிக்கு ஒண்ணுமில்ல, பயந்துட்டான். அடுத்த பாட்டு!”

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்த பிரியாவிடை உரை என் மனைவியின் கையில் சிக்கியது. அதை அவள் சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டில் ஒப்படைத்துவிட்டாள். அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கட்டிலுக்கடியில் குனிந்து செருப்புத் தேடினால், என் மகள் ஓடிவந்து, “அப்பா, மைக் வேணுமா?” என்கிறாள்.

அன்றைக்கு அவர்கள் இருவரும் இன்னும் ஒன்றரை மணி நேரம் வாசித்தார்கள். பேஸ் கிட்டார் இல்லாததை யாரும் கவனிக்கவில்லையாம். அதற்குப் பிறகு ஆறு கச்சேரி முடித்துவிட்டார்கள். கணுக்கால் முறிந்து தகடு வைத்ததால் நான் மேடையில் நிற்பதில்லை. குழுவில் ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான்.