டியூப் பவுடர் திருநீறு

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தாலும் "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். ஓசூரைச் சுற்றியுள்ள நடுகற்களைத் தேடிச் சுத்தம் செய்யும் எங்கள் சின்ன வரலாற்றுக் குழுவுக்கு நான் பொருளாளர் ஆனதும் இந்தக் கூச்சத்தால்தான்.

"அண்ணா வாயத் தெறந்து ஒரு டீ கூடக் கேக்க மாட்டாரு. இவருகிட்ட இருந்தா காசு செலவே ஆவாது" என்றார் தலைவர் மாலதி டீச்சர். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பஞ்சர் கடைக்காரன், படிப்பு அஞ்சாவதுதான் என்று மறுத்திருக்கலாம். (அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே!)

குழுவின் கஜானா ஒரு பிஸ்கட் தகர டப்பா. சந்தா போட மூடியில் நானே ஒரு கீறல் வெட்டி, பூட்டும் மாட்டியிருந்தேன். கெலமங்கலம் பக்கம் மழையில் நனைகிற ஒரு நடுகல்லுக்குக் கூரை போட, இரண்டு வருடமாகச் சேர்த்த ஏழாயிரத்துச் சொச்சம் அதில் இருந்தது. ஒரு நாள் காலை வேறொரு ஊரில் புதிதாகக் கண்ட கல்லைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கூரைத் தகரத்துக்குப் பணம் கட்டுவதாக ஏற்பாடு.

கூட வந்த டீச்சர் ஏரிக்கரையில் இன்னொரு கல் இருக்கிறதாம் என்று போய்விட்டார். நான் டப்பாவைக் கல்லடியில் வைத்துவிட்டுக் கல்லைக் கழுவினேன். தேய்ந்த எழுத்துத் தெரிவதற்காக வெள்ளைப் பவுடர் தடவினேன். கடையில் டியூப்புக்குத் தடவுகிற அதே பவுடர். வேர்வைக்குச் சட்டையைக் கழற்றி, இடுப்பில் துண்டு கட்டியிருந்தேன். (இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

நைட் ஷிப்ட் விட்டு வந்த கம்பெனி பஸ் எதிரில் நின்றது. கழுத்தில் கம்பெனி அட்டையோடு இறங்கிய ஒரு பெண் கல்லைக் கும்பிட்டு, "விபூதி கொடி, சாமி" என்று கன்னடத்தில் கேட்டுக் கையை நீட்டினார். பெயர் ரத்னம்மா என்று பிறகு தெரிந்தது.

இது விபூதி இல்லை என்று சொல்ல நாலு வார்த்தை போதும். என் வாயில் ஒன்றுகூட இல்லை. ஒரு சிட்டிகை கொடுத்தேன். நெற்றியில் பூசிக்கொண்டு, டப்பாவில் பத்து ரூபாய் போட்டார். பின்னாலேயே பஸ் மொத்தமும் வரிசையில் நின்றது.

டீச்சர் திரும்பி வந்தபோது டப்பாவுக்கு மஞ்சள் துணி கட்டி உண்டியல் ஆக்கியிருந்தார்கள். ஊர்ப்பெரியவர் முனியப்பா காவலுக்கு நின்றார்.

"ஐயா, அது எங்க சங்கத்துக் காசுங்க!"

"சாமி காலடியில வச்சத யாருனா எடுப்பாங்களாம்மா? பூசாரியே சும்மா நிக்கிறாரு, நீ என்னமோ துள்ற!"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பொருளாளரே, வாயத் தெறங்க! இது யாரு காசு? சொல்லுங்க!"

முப்பது வெள்ளை நெற்றிகள் என்னைப் பார்த்தன.

"அது... டியூப் பவுடருங்க" என்றேன்.

கேட்டது காசைப் பற்றி. நான் சொன்னது பவுடரைப் பற்றி. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எதுவா இருந்தா என்னாங்க?" என்றார் ரத்னம்மா, இப்போது தமிழில். "ரெண்டு நாளா மண்டைய இடிச்ச தலவலி, பூசுன ஒடனே போயிருச்சு!"

அவ்வளவுதான், எனக்கு மாலை விழுந்தது. விவரம் கேட்ட முனியப்பா தீர்ப்பும் சொன்னார்: "நீங்க போட இருந்ததும் கூரைதான? இங்கியே போட்டுருவோம்."

போட்டார்கள். சுற்றிலும் பாத்ரூம் டைல்ஸும் ஒட்டினார்கள். கெலமங்கலத்துக் கல் அந்த வருடமும் நனைந்தது. ஆண்டுக் கூட்டத்தில் பதவியை விட்டு விலகிவிட நினைத்தேன். எழுந்து சொல்லக் கூச்சம். இன்றும் நான்தான் பொருளாளர்.

வீட்டில் என் பெயர் மாறிவிட்டது. "சாமிக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா?" என்பாள் மனைவி. விருந்தாளி வந்தால் முழுக் கதையும் சொல்லாமல் சோறு போடமாட்டாள்.

ரத்னம்மா மட்டும் அமாவாசைக்கு அமாவாசை என் கடைக்கு வருகிறார். பக்கத்தில் கழற்றிய டயர் கிடக்கும்; பவுடர் டப்பா கண்ணெதிரே இருக்கும். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பத்து ரூபாய் நீட்டுவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை அப்படியே குழுவின் டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

எங்கள் குழுவுக்கு மாதம் தவறாமல் வருகிற ஒரே சந்தா அதுதான்.