துரை விட்டுப்போன வேகம்

இந்தியா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் சுதந்திரம் அடைந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது தவறு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில், பேரிகைக்குப் பாதை பிரிவதற்குச் சற்று முன்னால், அறுபத்தாறாம் வருஷம் குண்டூசித் தொழிற்சாலை திறக்கப்பட்டதே, அன்றுதான் இந்தியா உண்மையில் சுதந்திரம் அடைந்தது. யோசித்துப் பாருங்கள். குண்டூசி இல்லாவிட்டால் காகிதம் பறக்கும். காகிதம் பறந்தால் கோப்பு இல்லை. கோப்பு இல்லாத இடத்தில் சர்க்கார் ஏது, சுதந்திரந்தான் ஏது?

இந்தச் சுதேசிக் குண்டூசியைச் செய்ய ஒரு விதேசி தேவைப்பட்டார். அவர் பெயர் ப்ரென்னர். ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய மிஷின் கப்பலில் வந்தது. அதை ஓட்டத் தெரிந்த 'நிபுணர்' என்று அவரும் பின்னாலேயே வந்தார். கம்பெனிக்கு அவர்மேல் அளவு கடந்த பாசம். நிபுணர் இருக்கும்வரை வெளிநாட்டுக் கம்பிச் சுருளுக்குச் சர்க்கார் அனுமதி உண்டு. அந்தக் கம்பியில் பாதியைப் பெங்களூர்ச் சந்தையில் விற்றுவிடுவதாக ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். முக்கால்.

நிபுணருக்கு விசா ஒரு வருஷத்துக்குத்தான். அது முடிவதற்குள், இங்கே இருந்தபடியே, மறுபடியும் மனுப் போடவேண்டும். மனுவோடு கம்பெனி இரண்டு உறுதிமொழிகள் தரவேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்த இந்தியர் ஒருவரும் இல்லை என்பது ஒன்று. இந்த வேலையை இந்தியர்களுக்கு நிபுணர் மிகச் சிறப்பாகக் கற்பித்து வருகிறார் என்பது இன்னொன்று. கற்பிக்கவில்லை என்றால் விசா கிடையாது. கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றாலும் கிடையாது. ஆகவே, வாத்தியார் சூரராகவும் மாணவன் மக்காகவும் இருக்க வேண்டியது தேச நலனுக்கு அவசியமாயிற்று. அந்த மாணவன் பதவியில் அமர்த்தப்பட்டவன்தான் மத்திகிரி யேசுராஜ்.

யேசுராஜிடம் ஒரே ஒரு குறை. எதையும் கற்றுக்கொள்ளாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

ப்ரென்னரும் வஞ்சனையில்லாமல் சொல்லிக் கொடுத்தார். அதற்குக் காரணம் இருந்தது. ஓர் இந்தியன் தேறிவிட்டால் ஒப்பந்தப்படி அவர் ஊருக்குப் போகலாம். ஊரில் அவருடைய மகள் நடக்கக் கற்று, பேசக் கற்று, 'அப்பா எப்போது வருவார்' என்று கேட்கவும் கற்றுவிட்டாள். எட்டே மாதத்தில் யேசுராஜ் மிஷினின் இருமலைக் கேட்டே வியாதி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். தலைக்கனமும் கூடவே வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால் குண்டூசிப் பேச்சுத்தான். பெண் பார்க்கத் தேன்கனிக்கோட்டைக்குப் போனவன், தட்டில் பூ பழத்தோடு குண்டூசிப் பொட்டலமும் வைத்தான்.

"எங்க ஊர்ல யானை வந்துதான் பயிர மிதிக்கும். இவரு ஊசி கொண்டாந்து பயமுறுத்துறாரு" என்று மேரிராணி உள்ளேயிருந்து சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவள் சிரித்ததும் கேட்டது. அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தம் முடிவாயிற்று.

ஆனால் அவள் அப்பா சின்னராஜ் ரொட்டிக்கடைக்காரர். வெந்ததா வேகவில்லையா என்று பார்க்காமல் எதையும் வெளியே எடுக்கமாட்டார். கல்யாண ஓலையை மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதை நிறுத்திவைத்துவிட்டார்.

"பர்மனென்ட் ஆர்டரக் கண்ணுல காட்டுங்க மாப்ளே. மூணாவது ஓலைய நானே ஃபாதருகிட்ட சொல்லி வாசிக்க வெக்கிறேன். தற்காலிக வேலைக்குப் பொண்ணையும் தற்காலிகமாத்தானே குடுக்க முடியும்?"

இந்த நிலையில் அறுபத்தெட்டில் விசா முடியும் காலம் வந்தது. ப்ரென்னர் மனுவில், 'வேலை முடிந்தது. யேசுராஜுக்கு எல்லாம் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மேனேஜர் சென்னகிருஷ்ணன் அதைக் கிழித்து, வேறொன்று எழுதி, அவரை மெட்ராசுக்கு ரயிலேற்றினார். மனுதாரர் 'நேரில்' வரவேண்டும் என்பது விதி. எந்த அலுவலகம் என்று பெயர் சொன்னால் அதற்கு வெட்கமாகிவிடும். நேரில் போனவரை நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்குப் போனவரிடம், ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்டார்கள். ஒன்றரை மாதம் அந்த வராந்தாவில் அவர் 'நிபுணராக' உட்கார்ந்திருந்தார்.

இங்கே மிஷின் ஒருநாள்கூட நிற்கவில்லை. நிற்காததோடு, முன்னைவிட அதிகமாகக் குண்டூசியைப் பெய்தது. எந்த முதலாளியும் மகிழ்ந்திருப்பான். சென்னகிருஷ்ணனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"ஏமய்யா யேசுராஜ்! என்னாய்யா பண்ணிட்டிருக்கே? துரை இல்லாமயே இவ்ளோ ஊசி வந்தா, துரை எதுக்குன்னு சர்க்கார்ல கேக்கமாட்டானா?"

"நல்லாத்தானுங்க ஓடுது?"

"அதான்யா வினை! மெட்ராஸ்லேர்ந்து விசாரிக்க ஆபீசர் வர்றாரு. உனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லணும். சொல்லிட்டா பர்மனென்ட். சொல்லலேன்னா, மத்திகிரிக்குப் பஸ் எத்தினி மணிக்குன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ."

மூன்றாவது ஓலை யேசுராஜின் கண்முன் ஆடியது. அவன் தலையாட்டினான்.

அன்றே அவனுடைய இரண்டாவது பயிற்சி தொடங்கியது. முதல் பயிற்சி தந்தவர் ஜெர்மானியர். இதை மேனேஜரே முன்னின்று தந்தார்.

"இது என்னா?"

"கம்பிய நேராக்குற உருளைங்க. இதத் தாண்டினா வெட்டு, அதுக்கப்பறம் தலை அடிக்கிற அச்சு..."

"தெரியாதுன்னு சொல்லுய்யா!"

"தெரியாதுங்க. ஆனா அந்த உருளைய அரைச் சுத்து எறக்கினா இன்னும் நேரா வரும்."

சென்னகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சுக்கிறது எந்தக் கழுதைக்கும் முடியும்யா. தெரியாம நிக்கிறதுக்குத்தான் தெறமை வேணும். கையப் பின்னால கட்டு!"

அதிகாரி ஜீப்பில் வந்தார். விருந்தினர் அறையில் முதலில் கோழியை விசாரித்தார். பிறகு மிஷின் அறைக்கு வந்து, எண்ணெய் படாத தூரத்தில் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யேசுராஜ் கையைப் பின்னால் கட்டி நின்றான்.

"மிஷினை யார் ஓட்டறாங்க?"

"நிபுணர் ப்ரென்னர், சார்" என்றார் சென்னகிருஷ்ணன்.

"அவர் எங்கே?"

"உங்க ஆபீஸ் வராந்தாவுல, சார். ஒன்றரை மாசமா."

"அப்போ இப்ப யார் ஓட்டறது?"

சென்னகிருஷ்ணனுக்கு வேர்த்தது. ஆனால் மேனேஜர் பதவி என்ன சும்மா கிடைப்பதா? "அவர் விட்டுட்டுப் போன வேகத்துல ஓடுதுங்க, சார்."

அதிகாரி மிஷினைப் பார்த்தார். கோயிலில் சுவாமியைப் பார்க்கிற பார்வை. "ஒன்றரை மாசமாவா?"

"ஜெர்மன் வேகம், சார்."

"நம்ம ஆளுங்க விட்டா ஒரு நிமிஷம் ஓடுமா?" என்று பெருமூச்சு விட்டு, அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மிஷின் இருமியது. கம்பி எங்கோ சிக்கிக்கொண்டது. இன்னும் இரண்டு இருமல் இருமினால் அச்சு உடைந்துவிடும். யேசுராஜின் கைகள் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன. கைக்குத்தான் பயிற்சி தந்திருந்தார்கள். முழங்காலுக்கு யாரும் தரவில்லை. அது தானாக உயர்ந்து, நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டியது. மிஷின் பழையபடி பாடத் தொடங்கியது.

"அடடே, தானாவே சரியாயிடுச்சே!"

"வேகம் அப்பிடிங்க, சார்."

அதிகாரி யேசுராஜ் பக்கம் திரும்பினார். "நீதான் கத்துக்கறவனா? துரை நல்லாச் சொல்லித் தர்றாரா?"

"ரொம்ப நல்லாச் சொல்லித் தர்றாருங்க."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

யேசுராஜ் வாயைத் திறந்தான். நாக்கு உள்ளே 'தெரியும்' என்று புரண்டது. அதைப் பிடித்துத் திருப்புவது சிக்கிய கம்பியை எடுப்பதைவிடக் கடினமாக இருந்தது.

"தெரியாதுங்க."

"கொஞ்சமாவது?"

"கொஞ்சங்கூட இல்லீங்க."

விதி கேட்ட இரண்டு பதிலும் கிடைத்துவிட்டன. அதிகாரி அங்கேயே நின்றபடி அறிக்கை எழுதி முடித்து, காகிதங்களைச் சேர்த்துக் குத்த ஏதாவது கொடு என்று கை நீட்டினார். மிஷினுக்குக் கீழேயிருந்த தட்டில் அப்போதுதான் விழுந்த ஒன்றை யேசுராஜ் எடுத்துக் கொடுத்தான்.

விசா வந்துவிட்டது. அதைக் கொண்டாடத் தொழிற்சாலை முற்றத்தில் பந்தல் போட்டார்கள். யேசுராஜுக்கு மேடையிலேயே பர்மனென்ட் ஆர்டர் கொடுப்பதாக ஏற்பாடு. சின்னராஜ் புது வேட்டி கட்டி, மேரிராணியையும் அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "எங்க மாப்ளே" என்று மேடையைக் காட்டி இரண்டு தரம் சொல்லியும் ஆயிற்று.

சென்னகிருஷ்ணன் ஒலிபெருக்கியில் அதிகாரியின் அறிக்கையை வாசித்தார். "'பயிலுநர் யேசுராஜை நேரில் பரிசோதித்தேன். இரண்டாண்டுச் சிறந்த பயிற்சிக்குப் பின்னும் இவர் எதையும் அறிந்திலர். அறியும் ஆற்றலும் காணப்படவில்லை. இத்தகையோர் உள்ளவரை நிபுணரின் சேவை இந்நாட்டுக்கு இன்றியமையாதது.'"

பலத்த கைதட்டல். அறிக்கைக்கு ஒரு மாலை, யேசுராஜுக்கு ஒரு மாலை. கையில் கொடுத்த உத்தரவில் பதவி 'பயிலுநர்' என்றே இருந்தது. அடுத்த வருஷமும் தெரியாதவன் ஒருவன் வேண்டுமல்லவா?

யேசுராஜ் உத்தரவை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தான். சின்னராஜ் அதைக் கையால் தொடவில்லை.

"தம்பி" என்றார். மாப்ளே போய்விட்டது. "நீங்க பர்மனென்ட் ஆனது சந்தோசம். ஆனா சர்க்காரே மைக்கு வெச்சுச் சொல்லிட்டாங்களே. நாளைக்கு எங்கடையில ரொட்டி வாங்க வர்றவன் என்னக் கேக்கமாட்டானா?"

"மாமா, அது சும்மாங்க... விசாவுக்காக..."

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்று மேரிராணி முன்னால் வந்தாள். "நாங் கேக்கறேன். உங்களுக்கு அந்த மிஷின் ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

யேசுராஜ் நிமிர்ந்தான். அவள் தோளுக்குப் பின்னால் சென்னகிருஷ்ணன் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அதிகாரி லட்டுத் தின்றுகொண்டிருந்தார். தன் கையில் ஆர்டர் இன்னும் மடங்காமல் இருந்தது.

"தெரியாது" என்றான். இரண்டாவது பயிற்சி நன்றாகவே பிடித்துவிட்டது.

மேரிராணியின் கண் நிறைந்தது. குரல் மட்டும் அசையவில்லை. "அவங்ககிட்ட சொன்னது பொய்யின்னு நீங்க சொல்லியிருந்தா, குண்டூசிப் பொட்டலத்தோட வந்திருப்பேன். எங்கிட்டயும் அதையே சொல்லிட்டீங்க. போங்க."

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை.

மெட்ராசிலிருந்து திரும்பிய ப்ரென்னர் நேராக மிஷினிடம் வந்தார். உருளை அரைச் சுற்று இறக்கியிருப்பதைப் பார்த்தார். இந்த எல்லைப்புறத்தில் அவர் கற்ற தமிழும் கன்னடமும் ஒரே பாஷையாகிவிட்டிருந்தன; 'தெரியும்' என்பதற்குக் கன்னடத்துக் 'கொத்து'தான் அவர் வாயில் வரும்.

"யேசுராஜ், உனக்கு எல்லாம் கொத்து. பேப்பர்ல ஒண்ணும் கொத்தில்ல. நான் கெட்ட வாத்தியாரா?"

"இல்ல சார்."

"என் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் அப்பா இல்ல. சரி. உன் கல்யாணம் எப்போ?"

யேசுராஜ் கம்பிச் சுருளைத் தூக்கி மாட்டினான். ஊருக்குப் போகமுடியாதவரும் கல்யாணம் நின்றுபோனவனுமாக இரண்டு பேர் அன்றைய குண்டூசியைச் செய்யத் தொடங்கினார்கள். கம்பெனியின் கம்பி அனுமதி ஒரு வருஷத்துக்கு நீண்டது. தேசம் முன்னேறியது.

இதையெல்லாம் நம்பாதவர்கள் அந்த அலுவலகத்துக்குப் போய் அந்தக் கோப்பைப் பார்க்கலாம். நேரில் போகவேண்டும், நாளைக்கு வரச் சொல்வார்கள். இந்த நாட்டில் குண்டூசி செய்யத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை என்று அதிகாரி கையெழுத்திட்ட அந்தக் காகிதம் அங்கே பத்திரமாக இருக்கிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, ஜன்னல் வழியே கடற்காற்றும் வருகிறது. ஆனாலும் அது பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது யேசுராஜ் செய்த குண்டூசி.