மேகத்துக்கு முன்னமே பிளக்கைக் கழற்றியவர்

மின்னலுக்குப் பயந்தவர்கள் இந்தப் பூமியில் கோடிக்கணக்கில் இருப்பார்கள். மின்னல் தன்னுடைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு வருகிறது என்று நம்பியவர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது. நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது பிளக் அண்ணை.

நானும் லேசுப்பட்ட பயந்தாங்கொள்ளி இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்லித்தர ஆளில்லாததால் எல்லாவற்றுக்கும் பயந்து பழகிவிட்டேன். அப்படிப்பட்ட என்னையே, "உவன் துணிஞ்ச கட்டை" என்று ஊர் சொல்ல வைத்தவர் அவர்.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரை விட்டு வந்து சேர்ந்த ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு பேரும் வேலை செய்தோம். ஒருநாள் வெளியே லேசாக இடி முழங்கியது. அண்ணை எழுந்தார். சாப்பாட்டு அறை மைக்ரோவேவின் பிளக்கைப் பிடுங்கினார். கோப்பி மெசினைப் பிடுங்கினார். போகிற வழியில், எங்கள் வரவைப் பதிகிற பஞ்ச் கார்ட் மணிக்கூட்டையும் பிடுங்கினார். அன்று முழுத் தொழிற்சாலையும் வேலைக்கு வந்ததாகப் பதிவாகியிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போனதாகப் பதிவாகவில்லை. எங்களை மேய்க்கிற போர்மன் வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"மெசின் எரிஞ்சிருந்தா உனக்குத்தானே நட்டம்? எனக்கு ஒரு தாங்க்யூ கூட இல்லையோ?" என்று அண்ணை தமிழிலேயே கேட்டார். போர்மனுக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அண்ணைக்கு அன்றே வேலை போயிருக்கும்.

மனிசன் தனிக்கட்டை. டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் குடியிருப்பில் ஒற்றை அறை. அந்த அறையில் எரிவதற்கு ஒரு மின்குமிழையும் தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலையும் தவிர எதுவும் இல்லை என்ற கவலையோ என்னவோ, பழைய காம்பிங் ட்ரெயிலர் என்கிற சக்கர வீடு ஒன்றை வாங்கி, வடக்கே ஏரிக்கரை முகாம் ஒன்றில் கோடை முழுக்க நிறுத்தி வைத்தார். முகாம்காரர் நட்டிருந்த கம்பத்திலிருந்து தடித்த வயர் ஒன்று ட்ரெயிலருக்குக் கரண்ட் கொண்டுவரும். அண்ணையின் நிம்மதி அந்த வயரோடு போனது.

மின்சாரம் திடீரென்று எகிறினால், தானே எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றுகிற ஒரு பெட்டியை அவர் அந்தக் கம்பத்தில் மாட்டியிருந்தார். ஆனால் வானம் இருட்டுக் கட்டினால் முதலில் கழற்றுவது அந்தப் பெட்டியைத்தான்.

"அண்ணை, அது காப்பாத்திறதுக்குத்தானே இருக்கு?"

"உது ஒருக்காத்தான் காப்பாத்தும் தம்பி. பிறகு உதைக் காப்பாத்த ஆர் இருக்கினம்?"

நியாயமான கவலையாகத்தான் எனக்குப் பட்டது.

இப்போது என்னுடைய கதைக்கு வருகிறேன். என் மனைவி வதனி அந்த வருசம் தை மாதம், உறைபனிக்குள் வந்து இறங்கினாள். நான் அவளைக் கொண்டுபோய் வைத்தது நிலத்துக்கு அடியில், ஒரு பேஸ்மென்றில். அதன் யன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுக்காரரின் சப்பாத்து மட்டுந்தான். அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. கொண்டுவந்த பெட்டியைத் திறந்து உடுப்பை எடுத்து, தோய்த்து, திரும்பவும் பெட்டிக்குள்ளேயே அடுக்கினாள். வைகாசியில் ஒருநாள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "செப்டெம்பருக்குள்ள என்னைக் கொழும்புக்கு, அக்காவிட்ட அனுப்பிப் போடுங்கோ."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நாட்டில் ஏரி இருக்கிறது, மரம் இருக்கிறது, வெயில்கூட இருக்கிறது என்று அவளுக்குக் காட்டினால் மனம் மாறுவாளோ என்று ஒரு நப்பாசை. பிளக் அண்ணையிடம் போய், ஒரு சனி ஞாயிறு ட்ரெயிலரைத் தரச்சொல்லிக் கேட்டேன்.

"தாறன். ஆனா உங்களிட்டக் குடுத்திட்டு எனக்கு நித்திரை வருமே? நானும் வாறன்."

வேண்டாம் என்று சொல்லவும் பயந்து தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரை பளிச்சென்று இருந்தது. வதனி ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டாள். அண்ணை கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு, பற்றரி றேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார். அதில் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. ஒரு ஸ்டேசனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் மின்னினால் அந்த இரைச்சலில் 'கிறீச்' என்று கேட்குமாம்.

கேட்டது.

"எல்லாத்தையும் நிப்பாட்டு!" என்று எழும்பினார். "குக்கர் ஓவ்! பிறிட்ஜ் ஓவ்! கம்பத்துச் சுவிட்ச் ஓவ்! வயரைப் பிடுங்கியாச்சு! அன்ரெனா இறக்கியாச்சு! ட்ரெயிலர் பற்றரி வயர் ரெண்டும் கழட்டியாச்சு!" ஒவ்வொன்றையும் உரத்துச் சொல்லிச் சொல்லித்தான் செய்வார். சொல்லாவிட்டால் கை மறந்துவிடுமாம்.

"அண்ணை, வானத்தில ஒரு மேகமும் இல்லையே?"

"மேகம் வந்தாப் பிறகு பிளக்கைத் தொடுறவன் விசரன். முன்னமே கழட்டோணும்."

மேகம் வரவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். குக்கர் சூடாகியது. றேடியோ கிறீச்சிட்டது. திரும்பவும் "குக்கர் ஓவ்!" மத்தியானம் தாண்டியும் அந்த அரிசி சோறாகவும் இல்லை, அரிசியாகவும் இல்லை. நான் வதனியின் முகத்தைப் பார்க்கவில்லை. கொழும்பு விமானத்துக்கு எங்கே ரிக்கற் எடுப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பின்னேரம் மேகம் உண்மையாகவே வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் வானம் மைபோலக் கறுத்தது. அண்ணையின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"காருக்குள்ள ஓடுங்கோ! ட்ரெயிலர் பைபர், கார் இரும்பு. இரும்புக்குள்ள இருந்தாத் தப்பலாம். பிள்ளை, அந்தச் சோத்துச் சட்டியை வைச்சிட்டு வா!"

"ஏலாது," என்றாள் வதனி.

"என்ன பிள்ளை?"

"காலமை துடக்கம் இந்தச் சோத்தோட மாரடிக்கிறன். இதை விட்டிட்டு நான் ஒரு இடமும் வரமாட்டன் அண்ணை!"

தை மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்த முதல் பேச்சு அது. சட்டியோடுதான் காரின் பின் சீற்றில் ஏறினாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே குந்தியிருந்தோம். முன் சீற்றில் என் பக்கத்தில் அண்ணை, பிடுங்கிய வயரைச் சுருட்டி மடியில் பிள்ளைபோல வைத்திருந்தார். மழை காரை அடித்து நொறுக்கியது. ஒரு இடி விழ, வதனி கண்ணை மூடிக்கொண்டு, இடிக்கு ஊரில் சொல்கிறபடி, "அருச்சுனா, அருச்சுனா" என்றாள்.

"அருச்சுனன் இஞ்ச எங்க பிள்ளை வாறது? அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட ஆர் ஸ்பொன்சர் பண்றது?" என்றார் அண்ணை. பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையான கவலையோடு சொன்னார்.

வதனி வெடித்தாள். அரைகுறைச் சோற்றில் தொடங்கினாள். பேஸ்மென்ற், சப்பாத்துத் தெரிகிற யன்னல், பனி, ஒன்றும் பேசாமல் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிற புருசன் என்று ஒவ்வொன்றாக இழுத்தாள். எனக்கு வரவேண்டிய அத்தனையும் அந்த மனிசனின் பிடரியில் விழுந்தது. அவர் "ஓம் பிள்ளை, ஓம்" என்று வாங்கிக்கொண்டார்.

"இவ்வளவு பயந்த ஆள் என்னத்துக்கு அண்ணை இந்த நாட்டுக்கு வந்தனீங்கள்?"

"பயத்திலதான் பிள்ளை," என்றார். "பயத்தில வந்த ஆள் பயப்பிடாம வேறை என்ன செய்யிறது?"

பிறகு பின்னாலிருந்து ஒரு விசும்பல். திரும்பிப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்தான், ஆனால் இடையில் எங்கேயோ அது சிரிப்பாகி, சட்டி மடியில் கிடந்து குலுங்கியது. அவள் சிரிக்க, அண்ணையும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மழை விட்டது. ட்ரெயிலருக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணை சிரித்துக்கொண்டே ட்ரெயிலர் பற்றரியை மாட்டப் போனார். "ஸ்பொன்சர்..." என்று வதனி சொல்ல, அவர் திரும்பவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில், வழக்கமாக உரத்துச் சொல்கிறதைச் சொல்ல மறந்தார். சிவப்பு வயர் போகவேண்டிய இடத்தில் கறுப்பு போனது. கறுப்பின் இடத்தில் சிவப்பு போனது.

'டப்' என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து புகை. கம்பத்துக் கரண்டைப் பற்றரிக் கரண்டாக மாற்றுகிற பெட்டி, லைற்றுகள், விசிறி எல்லாம் போயிற்று. மின்னல் தொடாததைத் தன் கையாலேயே எரித்துவிட்டார்.

இந்த மனிசன் இனித் தாங்கமாட்டார், ஏரிக்குள் இறங்கிவிடுவார் என்று அவருடைய சேட்டுக் கொலரைக்கூடப் பிடித்துக்கொண்டேன். அண்ணை புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பாடா," என்றார். "இனி எரியிறதுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி."

ட்ரெயிலருக்கு அடியில் நனையாமல் கிடந்த விறகை இழுத்து வதனி அடுப்பு மூட்டினாள். அந்தச் சோறு கடைசியில் புகை மணத்தோடு வெந்தது. அண்ணை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கதிரையிலேயே குறட்டை விட்டார். மேலே இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. மனிசன் அசையவில்லை.

செப்டெம்பர் வந்தது, போனது. கொழும்பைப் பற்றி எனக்குக் கேட்கப் பயம், நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வதனி சாப்பாட்டு மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைத்தாள். ஆருக்கு மற்றது என்றேன்.

"அண்ணைக்குப் போன் பண்ணி வரச்சொன்னனான்," என்றாள். "அந்த மனிசன் அங்க தனிய இருந்து என்னத்துக்குப் பயப்பிடுறது? இஞ்ச வந்து எங்களோட இருந்து பயப்பிடட்டும்."