பாறைமேல் ஒரு இன்டர்வியூ

மருந்தியலில் டாக்டர் பட்டம் வாங்குவதுகூடப் பெரிய கஷ்டமில்லை. வாங்கிய பிறகு, "அடுத்து இன்னா பண்ணப் போற?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், அப்படிக் கேட்பதற்கு மொத்த ஊரும் இருந்தது.

கலசப்பாக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைக்கலாம் என்றார் அப்பா. கல்யாணம் என்றாள் அம்மா (அதையும் ஒரு வேலைவாய்ப்பாகத்தான் கணக்கில் வைத்திருந்தாள்). என் ஆய்வு வழிகாட்டி வெளிநாட்டுக்குப் போகச் சொன்னார். எனக்கோ மாத்திரை தயாரிக்கும் கம்பெனியில் ஆராய்ச்சியாளராக ஆசை. வெள்ளைக் கோட்டு, கண்ணாடிச் சுவர், முகத்தில் ஒரு தீவிரமான பார்வை. பார்வையை மட்டும் கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருந்தேன்.

சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோ காலில் இன்டர்வியூ என்று சொன்னபோது நான் ஊரில் இருந்தேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. சாமை வயலுக்கு மேலே உள்ள பாறையில்தான் கிடைக்கும். அதுவும் ஊரில் நாலு பேர் சேர்ந்தாற்போல் போனைத் திறந்தால் போய்விடும்.

"நீ இன்னாத்துக்கு பயப்படற? சிக்னல நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பாறைமேல் உட்கார்ந்து, புளிக்கூடையில் போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் இரண்டு சார், ஒரு மேடம். முதல் கேள்விகளுக்கு இங்கிலீஷில் பொளந்து கட்டினேன். திடீரென்று கீழே கோயில் மைக் கரகரத்தது. சித்தப்பாவின் குரல்.

"அல்லாருக்கும் வணக்கம். நம்ம வள்ளி பாறைமேல கம்பெனிக்காரங்ககூட பேசிக்கினு கீது. அல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க. சிக்னல் முழுசா அதுக்கே போவட்டும்!"

ஊர் அப்படியே போனை அணைத்தது. போன் இல்லாத ஊருக்கு வேறு என்ன வேலை? வேடிக்கை பார்க்கப் பாறைக்கு வந்துவிட்டது.

"உங்கள் பின்னால் ஏதாவது போராட்டமா?" என்றார் முதல் சார்.

"இல்லை சார், குடும்பம்" என்றேன்.

அவர் சமாளித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: இன்னும் ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்? அதற்குள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்திருந்த சித்தப்பா, "இன்னா கேக்கறாங்க?" என்றார். அவர் வாயை அடைப்பதற்காகக் கிசுகிசுப்பாகத் தமிழில் சொன்னேன். அவர் போனுக்குள் தலையை விட்டார்.

"எதுக்கு சார் அஞ்சு வருசம்? ஆடித் திருவிழாக்கே வந்து பாருங்க!"

மேடம் சிரித்துவிட்டார். தமிழ்க்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பாறை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அடுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அத்தை வந்தார். "வள்ளி, நீ டாக்டராயிட்டியாமே? இந்த பிரஷர் மாத்திர போட்டதுலருந்து காலு வீங்குது, பாரு" என்று காலைத் தூக்கிப் புளிக்கூடையின் விளிம்பில் வைத்தார். திரை முழுக்க அத்தையின் கால். இரண்டு சார்களும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"அத்தை, அப்புறம் பாக்கலாம்..."

"பரவாயில்லம்மா, கேளுங்க" என்றார் மேடம்.

வேலை போனது போனதுதான் என்ற தைரியத்தில் அத்தை பக்கம் திரும்பினேன். எப்போது ஆரம்பித்தது, ரெண்டு காலிலும் வீக்கமா, மூச்சு வாங்குகிறதா, வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்று கேட்டேன். "நீங்களா மாத்திரய நிறுத்தக் கூடாது. நாளைக்கே ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட காலக் காட்டுங்க. இந்த மாத்திரைக்கு சிலருக்கு இப்படி வீங்கும், வேணும்னா அவரு மாத்திக் குடுப்பாரு" என்றேன். மேடம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பட்டியலில் என் பெயரை அடித்து நீக்குகிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பா மறுபடி குனிந்தார். "மேடம், வேல உண்டா இல்லியா? இத்தன பேரு வந்துட்டோம், இப்பவே சொல்லிடுங்க."

மேடம் வாயைத் திறந்தார். அந்தக் காட்சியைப் படம் பிடிக்க ஊரே போனை ஆன் செய்தது. மேடம் திறந்த வாயோடு திரையில் உறைந்து போனார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆசைப்பட்ட வெள்ளைக் கோட்டைக் கொண்டுபோய் ஆற்றில் விட்ட மாதிரி இருந்தது. பிறகு பாறைக்குப் போய்ப் பார்த்தபோது ஆராய்ச்சியாளர் வேலை இல்லை என்று மெயிலும் வந்திருந்தது. அதற்கு மறுநாள் பாறையில் இருந்தபோது மேடமே கூப்பிட்டார்.

"அந்த வேலைக்கு உங்களைவிட நல்ல ஆள் கிடைச்சிட்டாங்க. என் பிரிவுக்கு வர்றீங்களா? மருந்துகளோட பக்கவிளைவுகளை விசாரிக்கிற வேலை. அன்னைக்கு என் கண்ணு முன்னாடி அதைத்தானே செஞ்சீங்க?"

அப்படி ஒரு துறை இருப்பது எனக்கு இரண்டு மார்க் கேள்வியாக மட்டுமே தெரியும். இன்று என் சம்பளம், சந்தோஷம் எல்லாம் அதுதான். ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் அத்தையின் கால் வீக்கமும் வடிந்தது.

சித்தப்பா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் காபி ஆறும்வரை கதை சொல்லிவிட்டுக் கடைசியில் பெருமூச்சு விடுவார்.

"அந்த இன்டர்வியூல நானுந்தான் பதில் சொன்னேன். எனக்கும் ஒரு வேல குடுத்துருப்பாங்க. அந்த மேடம் சொல்றதுக்குள்ள சிக்னல் பூட்ச்சு!"